ஏறியவர் எத்தனை, இறங்கியவர் எத்தனை

மதிப்பும் அன்பும் ஒருங்கே உரிய சம்பந்தி அவர்களின் சமூகத்துக்கு,

இக்கரையிலிருந்து தங்கள் சம்பந்தி எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். தங்கள் சம்பந்தியம்மாளும் நலமென்றே நம்புகிறேன். ஆறு நாளாக அவள் என்னோடு பேசுவதில்லை என்பதால் நேரில் கேட்டு உறுதி செய்துகொள்ள முடியவில்லை. தாங்களும், வீட்டில் அம்மையாரும், மாப்பிள்ளையும், என் மகளும், அவள் வயிற்றில் வளர்ந்துவரும் நம் இரு வீட்டுப் பொதுச் சொத்தும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். படியில் வழுக்கிச் சுளுக்கிக்கொண்ட தங்கள் காலின் கட்டை எப்போது பிரிக்கிறார்கள் என்று எழுதவும். என் கடைவாய்ப் பல் இருந்த இடம் நன்றாக ஆறிவிட்டது. கல்யாணத்துக்கு மறுநாள் மண்டபத்துச் சமையலறையில் என்னை நிற்கவைத்து, "சும்மா பாக்கறேன், வாயைத் திறங்க" என்றீர்கள், திறந்தேன், "இதோ முடிஞ்சுது" என்று பல்லை என் கையிலேயே கொடுத்துவிட்டீர்கள். பல் வைத்தியர்களில் தங்களைப் போல் ஒருவரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்க விரும்பவில்லை.

நிற்க. தாங்கள் அன்போடு அனுப்பிய இரண்டு கப்பல் டிக்கெட்டுகளும் பத்திரமாகக் கிடைத்தன. கெட்டிக் காகிதம், நல்ல அச்சு, தேதி போடாத டிக்கெட், எந்த நாளும் ஏறலாம். "பேரக் குழந்தை பிறக்கும்போது பக்கத்தில் இருக்க வேண்டாமா, இன்னும் மூன்று வாரம்தானே இருக்கிறது, கிளம்பி வாருங்கள்" என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் கண்ணில் தண்ணீர் வந்தது உண்மை. ஆனாலும் அந்த டிக்கெட்டுகளை இக்கடிதத்தோடு திருப்பி அனுப்புகிறேன். ஏன் என்று தாங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். சொல்வதற்குக் கொஞ்சம் நீளமாகும். காலை நீட்டி உட்கார்ந்துகொள்ளுங்கள். எப்படியும் நீட்டித்தான் வைத்திருப்பீர்கள்.

நான் பணியில் இருந்த காலமெல்லாம் எடை அளவு ஆய்வாளராக இருந்தவன் என்பது தங்களுக்குத் தெரியும். கடை கடையாகப் போய்த் தராசைச் சோதிப்பது, எடைக்கல்லைச் சோதிப்பது, சரியாக இருந்தால் முத்திரை குத்துவது, இல்லையென்றால் வழக்குப் போடுவது. எங்கள் வேலையில் சேர்ந்த அன்றே சொல்லிக்கொடுப்பது ஒன்றே ஒன்றுதான்: தட்டு ஆடிக்கொண்டிருக்கும்போது முள்ளைப் பார்க்காதே, நின்ற பிறகு பார். அப்படிப் பழகிய எனக்கு ஆடிக்கொண்டே இருக்கிற எதன்மேலும் நம்பிக்கை வருவதில்லை. கப்பலோ ஆடுவதை நிறுத்துவதே இல்லை. கல்யாணம் முடிந்து தாங்கள் எல்லோரும் என் மகளை அழைத்துக்கொண்டு கப்பலேறிய அன்று, துறைமுகத்தில் தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று கையசைத்தேனே, நினைவிருக்கிறதா? அந்தக் கோட்டை அதற்குப் பிறகும் ஒரே ஒரு தடவை தவிர நான் தாண்டியதில்லை, அதைப் பின்னால் சொல்கிறேன். இதைப் பயம் என்று தங்கள் சம்பந்தியம்மாள் சொல்கிறாள். நான் இதைத் தொழில் ஒழுக்கம் என்கிறேன்.

மகள் அங்கே போய்ச் சேர்ந்த மாதமே, "அப்பா, எப்ப வர்றீங்க?" என்று போனில் கேட்டாள். "கம்பெனியைப் பத்தி விசாரிச்சுட்டு வர்றேன்மா" என்றேன். விசாரிக்க ஆரம்பித்தேன். மாப்பிள்ளையைப் பற்றிக்கூட நான் அவ்வளவு விசாரிக்கவில்லை, மன்னிக்கவும், தங்களைப் பார்த்த பிறகு விசாரிக்கத் தோன்றவில்லை என்று சொல்ல வந்தேன். இரு கரைக்கும் நடுவே கப்பல் விடுகிற அந்த ஃபெரி கம்பெனி தன் கணக்கையெல்லாம் ஊரறிய வெளியிடுகிற கம்பெனி. மாதத்துக்கொரு போக்குவரத்து அறிக்கை, மூன்று மாதத்துக்கொரு நிதி அறிக்கை. மகள் விட்டுவிட்டுப் போன பழைய கம்ப்யூட்டரில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், தம்படி செலவில்லை. நான் அதைத் திறந்தது எதற்கு என்று தங்களிடம் மறைப்பானேன்? குற்றம் கண்டுபிடிக்கத்தான். பத்துப் பக்கத்துக்குள் ஏதாவது ஓட்டை சிக்கும், அதைக் காட்டி, "பாரும்மா, இந்தக் கப்பலில் எப்படி ஏறுவது?" என்று கேட்டுவிடலாம் என்று சிவப்புப் பேனாவும் கையுமாக உட்கார்ந்தேன்.

சம்பந்தி, பேனாவை மூடி வைத்துவிட்டேன். ஒரே மாதத்தில் அந்தக் கம்பெனி ஏற்றிப்போன ஆட்களின் தொகை எங்கள் ஊர் ஜனத்தொகையைப் போல் ஏழு மடங்கு. ஏழு ஊர்! ஏழு ஊரைத் தூக்கித் தண்ணீர்மேல் வைத்து, அக்கரையில் இறக்கிவிட்டு, மறுநாள் காலையில் ஒன்றுமே நடக்காதது மாதிரி மறுபடி டிக்கெட் கிழிக்கிறார்கள். கார் எத்தனை, லாரி எத்தனை, மிதிவண்டி எத்தனை, நாய் பூனை எத்தனை என்று போக ஒரு கணக்கு, வர ஒரு கணக்கு. ஒரு மாத அறிக்கையில், போகும் பத்தியில், "குதிரை: 1" என்று போட்டிருந்தது. அந்த ஒற்றைக் குதிரை என்னைத் தூங்கவிடவில்லை. யாருடைய குதிரை, அக்கரையில் அதற்கு என்ன வேலை, கப்பலில் நின்றுகொண்டா போயிற்று, அதற்குத் தலைசுற்றவில்லையா? அடுத்த மாத அறிக்கை வந்ததும் முதல் வேலையாக வரும் பத்தியைத்தான் பார்த்தேன். "குதிரை: 1". திரும்பி வந்துவிட்டது! எழுந்து நின்று கைதட்டினேன். சமையலறையிலிருந்து ஓடிவந்த தங்கள் சம்பந்தியம்மாளிடம், "குதிரை வந்துடுச்சு!" என்றேன். அவள் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டுப் போனாள்.

நிதி அறிக்கை இன்னும் பெரிய அதிசயம். கப்பலுக்கு வருடத்துக்கு எவ்வளவு பெயின்ட் அடிக்கிறார்கள் என்று படித்தேன். எங்கள் தெருவை மாடியோடு சேர்த்து மூன்று தடவை முழுக்காட்டலாம். ஒரு காலாண்டில் நஷ்டம் என்று போட்டு, காரணம் என்ற இடத்தில் "காற்று" என்று எழுதியிருந்தார்கள். பலமான காற்றால் ஓடாமல் நின்ற பயணங்கள் எத்தனை என்று தனிப் பட்டியல் வேறு. நான் சோதித்த கடைக்காரர்களில் ஒருவராவது, "ஐயா, இன்னிக்கு நான் செய்யாம விட்ட வேலை இவ்வளவு" என்று தானாக வந்து சொன்னதுண்டா? இவர்கள் உலகத்துக்கே சொல்கிறார்கள். கப்பலின் தேய்மானம் என்று ஒரு வரி வந்தபோது மட்டும் திடுக்கிட்டேன். வருடா வருடம் தேய்ந்துகொண்டே போய்க் கடைசியில் பூஜ்யம் என்று கணக்குக் காட்டியிருந்தது. நடுக்கடலில் பூஜ்யம் ஆனால் யார் பொறுப்பு என்று கம்பெனிக்குப் போன் போட்டேன். புள்ளிவிவரப் பிரிவு அதிகாரி ஒரு பெண் எடுத்தார். தங்கமான குரல். "ஐயா, அது கணக்குலதான் தேயும். கப்பல் அப்படியேதான் இருக்கும்" என்றார். அன்றிலிருந்து அந்த அம்மாவுக்கும் எனக்கும் நல்ல பழக்கம். என் குரலைக் கேட்டதும் ஒரு பெருமூச்சு விடுவார், பிறகு பேசுவார்.

இப்படியே ஒரு வருடம் ஓடிற்று. மாத அறிக்கை வருகிற நாளில் நான் காலையில் சவரம் செய்துகொண்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டுதான் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவேன். "கப்பலையே கட்டிக்கிட்டாரு, ஆனா கப்பல்ல ஏறமாட்டாரு" என்று தங்கள் சம்பந்தியம்மாள் அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரித்தாள். சிரிக்கட்டும். அவளுக்கு என்ன தெரியும், நான் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, ஒரு பெரிய ஓட்டையைக் கண்டுபிடித்திருந்தேன். அறிக்கையில் "ஏற்றிச் செல்லப்பட்ட பயணிகள்" என்று ஒரு பத்தி இருக்கிறது. இறங்கியவர்கள் என்று ஒரு பத்தி இல்லை! குதிரைக்குக்கூடப் போனது வந்தது இருக்கிறது. மனிதர்கள் ஏறினார்கள் என்பதற்குத்தான் கணக்கே தவிர, இறங்கினார்கள் என்பதற்கு எங்கே கணக்கு? சாக்கு மூட்டையை லாரியில் ஏற்றும்போதும் எண்ணுவோம், இறக்கும்போதும் எண்ணுவோம். உடனே போனை எடுத்தேன்.

"ஐயா, ஏறினவங்க எல்லாரும் இறங்கிடுவாங்க" என்றார் அந்த அம்மா.

"ஆதாரம்?"

"இறங்காம வேற எங்க போவாங்க, ஐயா?"

"அதைத்தாம்மா நானும் கேக்கறேன்."

ஒரு பெருமூச்சு கேட்டது. பிறகு, "மேல கேட்டுச் சொல்றேன்" என்றார். நான் விடவில்லை. வாரம் ஒரு போன், நடுவில் ஒரு பதிவுத் தபால். தாங்கள் நம்ப மாட்டீர்கள், இரண்டு மாதம் கழித்து அந்தக் கம்பெனி அன்றாடப் பலகை என்று ஒன்றைப் புதிதாக வெளியிட ஆரம்பித்தது. நேற்று ஓடிய ஒவ்வொரு கப்பலுக்கும் ஏறியோர் இத்தனை, இறங்கியோர் இத்தனை என்று இரண்டு பத்தி, மறுநாள் காலையில் வந்துவிடும். அடியில் பொடி எழுத்தில் இரண்டு குறிப்பு. முதலாவது: "கைக்குழந்தைகள் எண்ணிக்கையில் சேரார்." இரண்டாவது: "இறங்கியோர் பத்தி ஒரு வாசகரின் வேண்டுகோளின் பேரில் சேர்க்கப்பட்டது." அந்த வாசகர் நான்! ஏழு ஊரைத் தூக்கிச் சுமக்கிற கம்பெனி, ஒரு ஓய்வு பெற்ற மனிதனுக்காக ஒரு பத்தியைத் திறந்திருக்கிறது. நான் அதை அச்செடுத்துச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன், மகளின் கல்யாணப் படத்துக்குக் கொஞ்சம் கீழே. மகளுக்கும் போனில் சொன்னேன். "சூப்பர்ப்பா" என்று சிரித்தாள். "இனிமே தினமும் காலைல அதைத்தானே முதல்ல பாப்பீங்க?" என்று கேட்டாள். "பல் விளக்கறதுக்கு முன்னாடி" என்றேன்.

கஷ்டம் அதற்குப் பிறகுதான் வந்தது. பத்தி இரண்டும் தினமும் சரியாக இருந்தன. ஏறியவர் நூற்றெண்பது என்றால் இறங்கியவர் நூற்றெண்பது. முந்நூறு என்றால் முந்நூறு. ஒரு நாள்கூட ஒரு தலை தவறவில்லை. ஒரு கல், ஒரு தராசு, ஒரு கடை இப்படிச் சுத்தமாக இருந்து நான் என் பணிக்காலத்தில் பார்த்ததில்லை. எனக்குச் சொல்ல ஒரு சாக்கும் மிச்சமில்லாமல் போய்விட்டது. அந்தச் சமயம் பார்த்துத்தான் மகள் கூப்பிட்டாள். "அப்பா, எனக்கு வேற ஒண்ணும் வேணாம். குழந்தை பிறக்கும்போது நீங்க பக்கத்துல இருக்கணும். அவ்வளவுதான்" என்றாள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "வர்றேன்மா" என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது, "போன மாசம் நேரந்தவறாம ஓடின கப்பல் நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு, தெரியுமா?" அவள் போனை வைத்துவிட்டாள். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

போய்விடுவது என்று அப்போது ஒரு தைரியம் வந்தது உண்மை. ஆனால் சோதிக்காமல் போக மனம் ஒப்பவில்லை. என் பழைய கைத்தராசையும், முத்திரை போட்ட பித்தளைக் கற்களையும் பையில் எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போனேன். வண்டிகள் கப்பலுக்குள் ஏறுவதற்கு ஒரு இரும்புப் பாலத்தை இறக்கிவைப்பார்கள் அல்லவா, அதன் நடுவில் கால் மடக்கி உட்கார்ந்து, தராசைத் தூக்கிப் பிடித்து, இரண்டு பக்கமும் ஒரே கல்லை வைத்தேன். முள் நடுவில் நின்றால் ஏறுவது, நிற்காவிட்டால் வீட்டுக்குப் போவது என்று எனக்குள் ஒரு ஒப்பந்தம். முள் இந்தப் பக்கம் போயிற்று, அந்தப் பக்கம் போயிற்று, நிற்கவில்லை. பாலம் ஆடியதா, என் கை ஆடியதா என்று சொல்லத் தெரியவில்லை. இது நிற்கும் நிற்கும் என்று நான் பார்த்துக்கொண்டிருக்க, பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது, அதற்குப் பின்னால் ஒரு பஸ், பிறகு ஊரே ஹாரன் அடித்தது. பாலம் தூக்குகிற ஆள் மேலே இருந்து, "பெரியவரே, அங்க என்ன வியாபாரம் பண்றீங்க?" என்று கத்தினார். இரண்டு காவலர்கள் வந்து, தராசை ஒருவரும் என்னை ஒருவருமாகத் தூக்கிக்கொண்டுபோய் ஓரமாக வைத்தார்கள். மறுநாள் பலகையில் பார்த்தேன். "காலைக் கப்பல். தாமதம்: 6 நிமிடம். காரணம்: பாலத்தில் தராசு." பல நாள் தவறாமல் ஓடிய அந்தக் காலைக் கப்பலைக் கெடுத்தவன் நான். வெட்கத்தால் தலை குனிந்தேன். கூடவே இதையும் ஒளிக்காமல் போட்டுவிட்டார்களே என்று மெய் சிலிர்த்தும் போனேன். அதையும் அச்செடுத்தேன், ஆனால் மாட்டவில்லை.

தங்கள் டிக்கெட்டுகள் வந்தது அதற்கு அடுத்த நாள்தான். திருப்பி அனுப்பப் போகிறேன் என்று சொன்னேன். "நல்லாருக்கு" என்றாள் தங்கள் சம்பந்தியம்மாள். அதோடு பேச்சை நிறுத்தியவள், நேற்றுச் சாயங்காலம்தான் வாயைத் திறந்தாள். அவளுடைய கைபேசி அடித்தது, வாசலுக்கு எடுத்துக்கொண்டுபோய்ப் பேசினாள், உள்ளே வந்து பீரோவைக் குடைந்து மெத்தென்ற பழைய பருத்தித் துணிகளாகப் பார்த்து ஒரு பையில் திணித்தாள், பிளாஸ்கில் வெந்நீர் ஊற்றினாள், "சாப்பாடு மூடி வெச்சிருக்கு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். இன்னும் வரவில்லை. கோபித்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போவது அவளுக்குப் புதிதல்ல. பழைய துணி எதற்கு என்றுதான் எனக்கு விளங்கவில்லை. அங்கே தரை துடைக்கத் துணி தட்டுப்பாடோ என்னவோ.

இனி விஷயத்துக்கு வருகிறேன், சம்பந்தி. இன்று காலை பல் விளக்குவதற்கு முன்னால் பலகையைத் திறந்தேன். நேற்று உங்கள் கரையிலிருந்து கிளம்பிய மாலைக் கப்பல். ஏறியோர்: 211. இறங்கியோர்: 212. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். 212! பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி, அடியில் "விவரம் பின்னர்" என்று ஒரு வரி. பிடித்தேனா இல்லையா? ஒரு வருடத்துக்கு மேலாக நான் தேடிய ஓட்டை! ஆனால் சந்தோஷப்பட முடியவில்லை, உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. ஒரு தலை குறைந்திருந்தால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியும். எடை குறைந்தால் வழக்கு. ஒரு தலை கூடினால்? என் பணிக்காலத்தில் எடை கூடியதற்காக ஒருவர்மேலும் வழக்குப் போட்டதில்லை, அதற்குச் சட்டத்தில் இடமே இல்லை, அது வாங்குகிறவரின் அதிர்ஷ்டம். நடுக்கடலில் இருந்து ஒரு ஆள் ஏறிக்கொள்ள முடியுமா? நனைந்த துணியோடு ஒருவர் வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தால் கேட்கமாட்டார்களா? இப்படிப்பட்ட கப்பலில் என்னை ஏறச் சொல்கிறீர்களே!

கம்பெனிக்குப் போன் போட்டுவிட்டுத்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ரிசீவர் மேஜைமேல் என் காதுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. "தயவுசெய்து காத்திருக்கவும்" என்று சொல்லிவிட்டு ஒரு புல்லாங்குழலை விட்டு ஊதவைத்திருக்கிறார்கள், ஒரு மணி நேரமாக ஊதுகிறது. இந்த வீட்டுக்கு வேறு யார் கூப்பிட்டாலும் லைன் கிடைக்காது. பரவாயில்லை, என்னை யார் கூப்பிடப் போகிறார்கள்? பதில் வாங்காமல் வைப்பதாக இல்லை. ஆகவே சம்பந்தி, தாங்கள் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. டிக்கெட்டுகள் இத்துடன் வருகின்றன. தாங்களும் ஒரு காரியம் செய்யவேண்டும். என் மகளை, தங்கள் மருமகளை, அந்தக் கப்பல் பக்கமே விடாதீர்கள். பிடிவாதக்காரி. அது என் வழி வந்தது.

தங்கள் இல்லத்தில் பெரியவர்களுக்கு என் பணிவான வணக்கங்களும், மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் என் நிறைவான ஆசிகளும், பிறக்கப்போகும் சிசுவுக்கு முன்கூட்டியே என் முத்தங்களும் சேரட்டும். தங்கள் கால் விரைவில் தரையில் ஊன்றட்டும். தங்கள் கைக்கு ஊரில் நிறையப் பற்கள் கிடைக்கட்டும்.

என்றும் தங்கள் அன்பு மாறாத,
இக்கரைச் சம்பந்தி

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போட்டு முடிக்கவும் புல்லாங்குழல் நின்றது. அந்த அம்மாதான். இந்த முறை பெருமூச்சு விடவில்லை. "ஐயா, உங்க வீட்டுல இன்னும் சொல்லலையா?" என்றார். "என்ன சொல்லணும்? உங்க கப்பல்ல ஒரு ஆள் அதிகமா இறங்கியிருக்கு, அதுக்கு முதல்ல பதில் சொல்லுங்க" என்று நான் எகிறினேன். அவர் சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார் என்று நினைக்கிறேன். "நேத்து கப்பல்லயே ஒரு குழந்தை பிறந்துச்சு, ஐயா. பயணிகள்ல ஒரு நர்ஸ் இருந்தாங்க. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. ஸ்ட்ரெச்சர்ல இறக்கும்போது அந்தப் பொண்ணு ஆள் எண்ணற கேட்டுல நிறுத்தச் சொல்லி, 'குழந்தையையும் எண்ணுங்க'ன்னாங்க. கைக்குழந்தையை எண்ணறதில்லைன்னு எங்காளு சொல்லியிருக்கார். 'இன்னிக்கு ஒரு நாள் எண்ணுங்க, காலைல எங்கப்பா அதைத்தான் முதல்ல பாப்பாரு'ன்னு சொன்னாங்களாம். இறங்கியோர் பத்தியைக் கேட்டு வாங்கினவரோட பொண்ணுன்னு தெரிஞ்சதும் எங்களுக்கு எண்ணாம இருக்க மனசு வரலை."

சம்பந்தி, என் மகள் எனக்கு எழுதிய கடிதம் அது. ஒரே ஒரு எண்ணில் எழுதி அனுப்பியிருக்கிறாள், நான் அதை மோசடி என்று படித்தேன். ரிசீவரை வைத்தேனா இல்லையா என்று தெரியாது. பல்கூட விளக்காமல் துறைமுகத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். தங்கள் சம்பந்தியம்மாள் வாசலிலேயே நின்றிருந்தாள். "கிளம்பும்போது கோபத்துல உங்ககிட்ட சொல்லலை, ராத்திரியெல்லாம் பேரனைப் பாத்துக்கவே சரியா இருந்துச்சு, காலைலேர்ந்து போன் பண்றேன், லைன் பிசி, லைன் பிசி. யார்கிட்ட அப்படி என்ன பேச்சு?" என்றாள். மகள் படுத்திருந்தாள். "நீங்க வரமாட்டீங்கன்னு தெரியும்ப்பா. உங்க பக்கத்துலயே வந்து பெத்துக்கலாம்னு கிளம்பினேன். இவனுக்குப் பொறுமை இல்லை" என்றாள். நீங்கள்தான் காலில் கட்டோடு துறைமுகம்வரை வந்து வழியனுப்பினீர்கள், மாப்பிள்ளை இன்று சாயங்காலக் கப்பலில் வருகிறார் என்றும் சொன்னாள். நீங்களும் இந்தச் சதியில் கூட்டு! மன்னித்தேன். ஆஸ்பத்திரி நர்ஸ் பேரனை எடை போட எடுத்தார். நான் கூடவே போனேன். தராசில் இந்த வருட முத்திரை இல்லை, பார்த்தேன், வாய் திறக்கவில்லை. அவன் காலை உதைத்துக்கொண்டே இருந்தான், முள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கொண்டே இருந்தது. நிற்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பிறந்த முதல் மூச்சையே தண்ணீர்மேல் விட்டவன் அவன். அவனைக் கையில் வைத்துக்கொண்டு இனி நான் தொழில் ஒழுக்கம் என்று சொன்னால் எடுபடாது. பயம்தான், சம்பந்தி. ஆரம்பத்திலிருந்தே பயம்தான்.

டாக்டர் ஒரு வாரம் கழித்துப் போகலாம் என்கிறார். டிக்கெட்டுகளைத் திருப்பி அனுப்பவில்லை. அடுத்த ஞாயிறு காலைக் கப்பலில் மகள், மாப்பிள்ளை, தங்கள் சம்பந்தியம்மாள், பேரன், நான், இத்தனை பேரும் வருகிறோம். இந்தக் கடிதமும் அதே கப்பலில்தான், ஆனால் எனக்குச் சில நாள் முன்னாலேயே வந்து சேரும். தாங்கள் கட்டோடு ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு துறைமுகத்தில் உட்கார்ந்து, இறங்குகிறவர்களை எண்ணவும். ஒரு தலை குறைந்தால் அது நான்தான், உள்ளே ஏதாவது கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பேன். காலில்தானே கட்டு, கை நன்றாகத்தானே இருக்கிறது? யாரையாவது பிடித்துக்கொண்டு உள்ளே வாருங்கள். "சும்மா பாக்கறேன்" என்று சொல்லுங்கள், நான் நம்பிவிடுகிறேன். "இதோ முடிஞ்சுது" என்று என்னைப் பிடுங்கிக் கரையில் வைத்துவிடுங்கள்.